நாவலில் பெய்த மழை

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை, முசிறிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நாற்பது வருஷத்துக்கு முன் நான் எழுதிய நாவல். புஸ்தகமாக அச்சானது அல்ல. பத்திரிகையில் தொடர்கதையாக வந்தபோது வாராவாரம் கத்தரித்துச் சேர்த்து, சாக்கு நூலால் தைத்த பிரதி. எழுதுகிறவனுக்கு இதைவிடச் சந்தோஷமான காட்சி வேறு கிடையாது. என் சந்தோஷம் ஐந்து நிமிஷந்தான் நீடித்தது.

"இது எங்கப்பா தைச்சு வெச்சதுங்க. இதிலே சயாமுக்குப் போய்ச் செத்துப்போறாரே, அவரு எங்க தாத்தாங்களா?" என்று கேட்டார்.

இல்லை, அது கற்பனைப் பாத்திரம் என்றேன். மரியாதைக்காகத் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

விஷயம் இதுதான். அவருடைய தாத்தா 1937-இல், ஒரு வயதுப் பிள்ளையையும் மனைவியையும் ஊரில் விட்டுவிட்டு, மலாயாவில் பேராக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். 1941 வரையில் கடிதமும் பணமும் வந்தன. யுத்தம் முடிந்து திரும்பிய ஒருவர், சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர் என்று சொல்லியிருக்கிறார். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. செத்தார் என்று யாரும் சொல்லாததால் பாட்டி கடைசி வரையில் தாலியைக் கழற்றவில்லை. அவள் போன பிறகு மகன், தகப்பனுக்கு ஒரு படையல் போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். நாள் தெரியவில்லை. தேதி தெரியாதவர்களுக்கென்று மகாளய அமாவாசை இருக்கிறதே என்று ஊரில் சொன்னார்கள்.

"அது எல்லாருக்கும் பொதுவுங்க. அவருக்குன்னு ஒரு நாள் வேணும்னு எங்கப்பாவுக்கு" என்றார் வந்தவர்.

அந்தச் சமயத்தில்தான் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அதில் காவேரிக் கரையிலிருந்து பேராக் தோட்டத்துக்குப் போன ஒருவன் சயாம் காட்டில் வாந்திபேதி கண்டு, ஐப்பசி மாதத்து மழையில் சாகிறான். மகன் அதைப் படித்தார். அந்த வருஷத்திலிருந்து அவர்கள் வீட்டில் ஐப்பசி அமாவாசைக்கு இலை போடுகிறார்கள். மகனும் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது பேரன் போடுகிறார்.

"மாசம் எழுதியிருக்கீங்க, வருஷம் எழுதலைங்க. அதைக் கேட்டுக்கிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். அப்புறம் எம் பேத்தி கம்ப்யூட்டர்லே பாத்துட்டுச் சொல்லுது, யுத்தக் கைதிங்களுக்கெல்லாம் ஜெனீவாவிலேயும் லண்டனிலேயும் அட்டை இருக்குதாம். எங்க தாத்தாவுக்கு இருக்குமுங்களா?"

விசாரித்து எழுதுகிறேன் என்று சொல்லி விலாசத்தை வாங்கிக்கொண்டேன். ஐப்பசி எங்கிருந்து வந்தது என்பதை அன்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. வாசகர்களிடம் சொல்லிவிடுகிறேன். இங்கே மனைவி திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறாள். அதே மழை அங்கே அவன் குழிமேல் பெய்கிறது. இப்படி ஓர் அத்தியாயத்தை முடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. காவேரிக் கரையில் அடைமழை என்றால் ஐப்பசிதானே? போட்டுவிட்டேன். கவித்துவம் நிறைந்த முடிவு என்று ஒரு விமரிசகர் பாராட்டக்கூடச் செய்தார். சயாம் ரயில் பாதையைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு ஆங்கிலப் புஸ்தகங்களும் ஒரு பகல் காட்சி சினிமாவுந்தான்.

அவருக்காகத் தேட ஆரம்பித்து, ஆறு மாதம் இதிலேயே கிடந்தேன். உறவினர் ஒருவரின் கைதி வாழ்க்கையைத் தஸ்தாவேஜுகளிலிருந்து மீட்க முயலும் புஸ்தகங்கள் மேல்நாட்டில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றைப் படித்தேன். ஆனால் எனக்கு மிகவும் உறைத்தது எந்தப் புஸ்தகமும் அல்ல, அந்த அட்டைதான்.

லண்டனில் கியூ என்ற பகுதியில் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஜப்பானியரிடம் பிடிபட்ட நேச நாட்டுக் கைதிகளைப் பற்றி ஜப்பானியரே எழுதி வைத்த அட்டைகள், ஐம்பதாயிரத்துக்கு மேல், அங்கே இருக்கின்றன. அச்சடித்த ஜப்பானியப் படிவம். கைதியின் பெயர், நாடு, பதவி, பிடிபட்ட இடம், பிடிபட்ட நாள், தகப்பனார் பெயர், தாயார் பெயர், சொந்த ஊர், யுத்தத்துக்கு முன் பார்த்த தொழில், யாருக்குத் தகவல் சொல்வது, குறிப்புகள். இவ்வளவுதான். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு காகிதம்.

இதைப் படிக்கவும் ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது. பிடிபட்ட நாள் என்று 17-2-15 என்று எழுதியிருந்தால், தேடுகிற பேரப்பிள்ளை 1915-ஆம் வருஷம் பிப்ரவரி 17 என்று நினைத்துத் திகைக்கலாம். அது ஜப்பானியச் சக்கரவர்த்தியின் ஷோவா ஆண்டு. ஷோவா 17 என்பது 1942. ஆகவே அது 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்த நாள். பிடித்தவனுடைய காலண்டரில்தான் பிடிபட்டவனுடைய வாழ்க்கை ஓடுகிறது. சில அட்டைகளின் குறுக்கே இரண்டு சிவப்புக் கோடுகள் சாய்வாக இழுக்கப்பட்டிருக்கும். அந்த மனிதன் செத்துவிட்டான் என்று அர்த்தம். கணக்குப்பிள்ளை தீர்ந்த கணக்கை அடிப்பதுபோல் அடித்திருக்கிறார்கள்.

தாயார் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். சிறைக்காவலன் தன் கைதியிடம் உன் அம்மா பெயர் என்ன என்று கேட்டிருக்கிறான். மனிதாபிமானத்தால் அல்ல, ஒரே பெயர்கொண்ட இரண்டு பேரைப் பிரித்தறிவதற்காகத்தான். இருந்தாலும் கேட்டிருக்கிறான். என் பாத்திரத்தைச் சாகடித்த நான், அவனுடைய தாயார் பெயரை அத்தனை அத்தியாயத்தில் ஓர் இடத்திலும் யோசித்ததில்லை.

அட்டைகளோடு இன்னொரு வகையும் உண்டு. விடுதலையான கைதிகளைக் கொண்டு பூர்த்தி செய்வித்த கேள்வித்தாள்கள். எந்தெந்த முகாம், என்ன வியாதி, என்ன வைத்தியம், தப்பிக்க முயன்றதுண்டா, வேலையைக் கெடுத்ததுண்டா, எதிரிக்கு உதவியவர் யார் என்றெல்லாம் கேட்டிருக்கிறது. இது பிடித்தவனுடைய கேள்வி அல்ல, மீட்டவனுடைய கேள்வி. ஆனால் இங்கேயும் கேட்கிறவனுக்கு என்ன தேவையோ அதுதான் கேட்கப்படுகிறது. ராத்திரியில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேட்கும் கட்டம் எதிலும் கிடையாது. பேரப்பிள்ளைக்கு வேண்டியது அதுவாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் அவன் கற்பனை செய்ய ஆரம்பிக்கிறான். அங்கேதான் இந்த வகைப் புஸ்தகங்களின் தரமும் தெரிய ஆரம்பிக்கிறது.

இந்த அட்டை வைக்கும் வேலைக்கு ஒரு நாவலாசிரியரும் கை கொடுத்திருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. காந்தி, ராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரைப் பற்றி எழுதியதனால் நமக்கு வேண்டியவராகிவிட்ட ரோமேன் ரோலந்துதான் அவர். 1914 ஆகஸ்டில் செஞ்சிலுவைச் சங்கம் ஜெனீவாவில் யுத்தக் கைதிகளுக்கான ஒரு காரியாலயம் திறந்தது. அந்த யுத்தத்தில் சுமார் இருபது லட்சம் பேரைப் பற்றிய அட்டைகள் அங்கே சேர்ந்தன. 2014 முதல் அவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ரோலந்து 1914 அக்டோபரிலிருந்து 1915 ஜூலை வரையில் அங்கே சம்பளமில்லாமல் உட்கார்ந்து, மகனையும் கணவனையும் தேடும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்து வேலை செய்தார். பிறகு கிடைத்த நோபல் பரிசுப் பணத்திலும் செஞ்சிலுவைக்குக் கொடுத்தார். அவர் வேலை பார்த்த பிரிவு எது என்பதுதான் நான் கவனித்தது. சிப்பாய்கள் பிரிவு அல்ல. டாக்டர் ஃபெரியே என்பவர் நடத்திய, சிப்பாயல்லாதவர்களுக்கான பிரிவு. சிப்பாய் பிடிபட்டால் அவனுக்குச் சட்டம் உண்டு. கைதான சாதாரண ஜனங்களைப் பற்றி அப்போது எந்த ஒப்பந்தமும் எதுவும் சொல்லவில்லை. சட்டம் மறந்த ஜனங்களின் மேஜையில்தான் நாவலாசிரியர் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

முசிறிக்காரருக்கு நான் பதில் எழுத வேண்டிய கேள்வி இதில்தான் அடங்கியிருக்கிறது. சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட யுத்தக் கைதிகள் வேலை செய்தார்கள். ஏறக்குறைய 12000 பேர் செத்தார்கள். இவர்களுக்கு அட்டை உண்டு. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள், புல் வெட்டிப் பூச்செடி வைத்து, வரிசையாக இருக்கிறார்கள். அதே பாதையில் தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் அளவுக்கு வேலை செய்தார்கள். மூன்று மாத வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்கள். ஆள் வராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். இவர்களில் தொண்ணூறாயிரம் பேர் செத்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குறைத்தும் கூட்டியும் சொல்லுகிறவர்கள் உண்டு. எண்ணி வைத்தவர் யாருமில்லை. இவர்கள் யுத்தக் கைதிகள் அல்லர், கூலியாட்கள். கூலியாளுக்கு ஜெனீவாவுக்குப் போகும் அட்டை எதற்கு? அவனுடைய தாயார் பெயரை யாரும் கேட்கவில்லை.

அதே முசிறியிலிருந்து இன்னொருவன் பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூரில் பிடிபட்டு இறந்திருந்தால் அவன் கதை வேறு. சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்தில், கல்லறை தெரியாமல் போன 24000க்கு மேற்பட்டவர்களின் பெயர்களைச் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். பதிவேட்டில் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், ஜில்லா எல்லாம் போட்டிருக்கும். பேத்தி கம்ப்யூட்டரில் தட்டினால் வந்துவிடும். சிப்பாயின் பேரனுக்குக் கல் உண்டு. கூலியின் பேரனுக்கு என் தொடர்கதைதான் கிடைத்திருக்கிறது.

இனி அந்தப் பாதையைப் பற்றிய நாவல்களுக்கு வருகிறேன். மிகவும் பிரசித்தமானது பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1952-இல் எழுதிய குவாய் நதிப் பாலத்தின் கதை. 1957-இல் டேவிட் லீன் அதைப் படமாக்கினார். படத்தைப் பார்க்காத தலைமுறையே கிடையாது. அதில் கர்னல் நிக்கல்ஸன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, ஒழுங்கு, கௌரவம் என்ற பித்துப் பிடித்து, எதிரிக்கு உயர்ந்த பாலம் கட்டிக்கொடுக்கிறார். நாவல் என்ற முறையில் அது கெட்டிக்காரத்தனமான நாவல். ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு அதைக் கடைசி எல்லை வரையில் துரத்துகிறது. கெட்டிக்காரத்தனத்துக்கு மேலே அதில் ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம். பூல் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் என்ஜினீயராக இருந்தவர். அந்தத் தோட்ட வாழ்க்கையை வைத்து 1951-இல் ஒரு நாவல் எழுதினவருங்கூட. ஆனால் சயாம் முகாம்களில் அவர் இருந்ததில்லை. இந்தோசீனாவில் தம் சொந்த பிரெஞ்சுக்காரர்களிடமே பிடிபட்டுச் சிறையில் கிடந்தவர். அங்கே பார்த்த பிரெஞ்சு அதிகாரிகளின் புத்தியைப் பிரிட்டிஷ் கர்னலுக்குக் கொடுத்துவிட்டார்.

நிஜத்தில் அந்தப் பாலம் கட்டப்பட்ட தமர்க்கான் முகாமில் மூத்த பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்தவர் பிலிப் டூசி. யுத்தத்துக்கு முன் பாங்கில் வேலை பார்த்தவர். தம் ஆட்களை உயிரோடு வைத்திருப்பதற்காகவே ஜப்பானியரோடு சாமர்த்தியமாகப் பேரம் பேசி நடந்தார் என்றும், பாலத்தை உறுதியில்லாமல் செய்ய ஆட்கள் மரத்தில் கரையான் விட்டதுகூட உண்டு என்றும் அவரோடு இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். படம் வந்தபோது பழைய கைதிகள் கொதித்துப்போனார்கள். டூசி 1975-இல் இறந்தார். அவருடைய பேத்தி ஜூலி ஸம்மர்ஸ் 2005-இல் தாத்தாவைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். சாவதற்கு முன் அவர் டேப்பில் பதிவு செய்த பேச்சு, முகாம் காகிதங்கள், உடன் இருந்தவர்கள் சொன்னது எல்லாவற்றையும் வைத்து எழுதியது.

பேத்தி எழுதியதென்றால் துதி பாடியிருப்பார் என்ற சந்தேகத்தோடுதான் படித்தேன். கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அது நேர்மையான புஸ்தகம். சினிமாக் கர்னலோடு சண்டை போடுவதற்காகவே எழுத ஆரம்பித்தவருக்கு, போகப் போகத் தாத்தாவே முக்கியமாகிவிடுகிறார். ஆனால் அட்டையில் பாருங்கள்: தமர்க்கான் கர்னல் என்று தலைப்பு வைத்துவிட்டு, அதற்குக் கீழே குவாய் நதிப் பாலத்தையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. எந்தக் கதையை மறுக்க வந்தாரோ அந்தக் கதையின் பெயரைச் சொன்னால்தான் அவருடைய தாத்தா யாரென்று உலகத்துக்குத் தெரிகிறது.

இதைவிட வேடிக்கை நதியின் கதை. அந்தப் பாலம் நிற்பது மேக்ளோங் என்ற ஆற்றின்மேல். பூல் குவாய் என்று எழுதிவிட்டார். படத்தைப் பார்த்துவிட்டுப் பாலத்தைத் தேடி வந்த வெள்ளைக்காரர்கள் குவாய் எங்கே, குவாய் எங்கே என்று கேட்கவே, 1960-களில் தாய்லாந்துக்காரர்கள் அந்தப் பகுதி ஆற்றின் பெயரையே குவே யாய் என்று மாற்றிவிட்டார்கள். படத்தில் நாம் பார்த்த பாலமும் ஆறும் அங்கே இல்லவே இல்லை. இலங்கையில் கித்துல்கலை என்ற இடத்தில் களனி கங்கைமேல் கட்டி வெடித்தது அது. ஒரு நாவலாசிரியர் தேசப்படத்தைச் சரியாகப் பார்க்காததனால் ஓர் ஆறு பெயர் மாறிவிட்டது. முன்பாக இருந்தால் இதைப் படித்து நன்றாகச் சிரித்திருப்பேன். என் நாவலால் ஒரு குடும்பத்தில் அமாவாசை நிச்சயிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ரிச்சர்ட் ஃப்ளானகன் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் எழுதி, மறு வருஷம் புக்கர் பரிசு வாங்கிய நாவல் வேறு ரகம். அவருடைய தகப்பனார் அந்தப் பாதையில் வேலை செய்து பிழைத்தவர். முகாமில் அவருடைய நம்பர் 335. அந்த நம்பரை ஜப்பானிய மொழியிலேயே எழுதி, அந்தக் கைதிக்கு என்று நாவலைச் சமர்ப்பணம் செய்திருக்கிறார் மகன். பன்னிரண்டு வருஷம் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டாராம். ஜப்பானுக்குப் போய், தகப்பனார் காலத்துக் காவலாளிகளில் உயிரோடிருந்தவர்களையும் தேடிப் பார்த்திருக்கிறார். நாவல் முடிந்துவிட்டது என்று சொன்ன அன்றைக்கே தகப்பனார், 98 வயதில், கண்ணை மூடினார். நாவலில் வரும் காதல் விவகாரம் எனக்கு அவ்வளவு அவசியமாகப் படவில்லை. சினிமாத்தனம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. ஆனால் யுத்தம் முடிந்த பிறகு ஜப்பானிய அதிகாரியும், கூலிக்குக் காவல் வேலை பார்த்த கொரியக்காரனும் என்ன ஆனார்கள் என்று எழுதியிருக்கும் அத்தியாயங்கள் பெரிய எழுத்து. தகப்பனை அடித்தவனுக்கும் ஓர் அம்மா இருந்திருப்பாள் என்று மகன் யோசித்துப் பார்த்திருக்கிறான். காகிதத்தில் கிடைக்கிறதையெல்லாம் தேடி முடித்த பிறகு அவர் கற்பனைக்குப் போகிறார். நான் தேடாமலே போனேன்.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வந்தது. யுத்த காலத்து மெடானையும் பினாங்கையும் பற்றி அதற்கு நிகராகத் தமிழில் ஒன்று கிடையாது. அவர் மெடானில் வாழ்ந்தவர். தெருப் பெயர், கடைக் கணக்கு, பேச்சு எல்லாவற்றிலும் பிடிவாதமான துல்லியம். ஆனால் அவருடைய பாண்டியன் போகிற வழி நேதாஜியின் படைக்குப் போகிற வழி. சயாம் பாதை அல்ல. அந்தப் பாதையை நேராக எடுத்துக்கொண்டவர்கள் மலேசியத் தமிழர்கள்தாம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டையும் நம் ஊரில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. இவற்றில் கலை அம்சம் போதுமா, இவை நாவலா ஆவணமா என்ற பிரச்னையை நம் விமரிசகர்கள் கிளப்பக்கூடும். நானே ஒரு காலத்தில் அப்படிக் கேட்டிருப்பேன். ஐம்பதாயிரம் அட்டையும், கேள்வித்தாளும், கல்லறைத் தோட்டமும் இருக்கிற ஜாதியின் நாவலாசிரியன் ஆவண வேலையைப் பிறருக்கு விட்டுவிட்டுக் கலையை மட்டும் கவனிக்கலாம். எந்த அட்டையும் இல்லாத ஜனங்களின் நாவல், ஆசிரியர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அட்டையாகவும் வாசிக்கப்படுகிறது. அப்படி வாசிக்கிறவன் தவறாக வாசிக்கிறான் என்று முசிறிக்காரரிடம் போய் யார் சொல்வது?

தமிழர்களைப் பற்றிக் காகிதமே கிடையாதென்றும் சொல்லிவிட முடியாது. பிறருடைய காகிதத்தின் ஓரத்தில் இருக்கிறார்கள். ராபர்ட் ஹார்டி என்பவர் மலாயாவில் தோட்ட டாக்டராக இருந்து, பிறகு கைதியாகிப் பாதை வேலைக்குப் போனவர். ரகசியமாக நாட்குறிப்பு எழுதி ஒளித்து வைத்திருந்தார். 1983-இல் அது அச்சில் வந்தது. தோட்டத்தில் வைத்தியம் செய்து பழகிய அதே தமிழ் ஜனங்கள் சயாம் காட்டில் கவனிப்பாரில்லாமல் சாவதைப் பார்த்துக் குறித்திருக்கிறார். பெயர்கள் இல்லை. ஆனால் மாதங்கள் இருக்கின்றன. 1943-இல் கூலி முகாம்களுக்கு வைத்தியம் பார்க்கவென்று கைதிகளிலிருந்தே டாக்டர்களையும் உதவியாட்களையும் பொறுக்கி அனுப்பினார்கள். அவர்கள் எழுதி வைத்ததிலும் மாதங்கள் உண்டு.

அந்த மாதங்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் என் ஐப்பசியின் லட்சணம் தெரிந்தது. 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து ஏழாயிரம் கைதிகளை ஒரே படையாக மேல் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதில் மூவாயிரத்துக்கு மேல் திரும்பவில்லை. சாவு குவிந்தது மே முதல் செப்டம்பர் வரையில். சயாமின் மேற்குக் காட்டில் மழைக்காலம் அதுதான். வாந்திபேதி கண்டது அந்த மழையில்தான். வேகம், வேகம் என்று ஜப்பானியர் விரட்டியதும் அப்போதுதான். கைதி முகாமுக்கும் கூலி முகாமுக்கும் நடுவே ஓடியது ஒரே தண்ணீர். அக்டோபர் 17-ஆம் தேதி இரண்டு பக்கத்துத் தண்டவாளங்களும் கொன்கொய்தா என்ற இடத்தில் சேர்ந்துவிட்டன. நம் கணக்கில் ஐப்பசி அப்போதுதான் பிறக்கிறது. நான் அடைமழை பெய்ய வைத்த மாதத்தில் சயாமில் மழை ஓய ஆரம்பித்திருக்கும். காவேரிக் கரை மழையை ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். வாந்திபேதியில் செத்தவனென்றால் அவன் பெரும்பாலும் வைகாசிக்கும் ஆவணிக்கும் நடுவே செத்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு கடிதமாக எழுதினேன். அட்டை இல்லை, கூலியாட்களுக்கு அட்டை போடவில்லை. ஐப்பசி என்பது நானாகப் போட்டது; மழைக்காகப் போட்டது; அதுவும் தப்பு. வருஷம் அநேகமாக 1943. மாதத்தை வேண்டுமானால் ஆடி, ஆவணி என்று வைத்துக்கொள்ளலாம். நிச்சயமாகச் சொல்வதற்கு யாரும் இல்லை. கைதிகளின் அட்டையில் என்னென்ன கட்டங்கள் இருந்தன என்பதையும், அவர் கேட்டிருந்ததால், எழுதியிருந்தேன்.

கடிதம் எழுதி ஒரு மாதம் பதில் இல்லை. கோபித்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். பிறகு ஒரு கார்டு வந்தது. பென்சிலால் கோடு போட்டுக் கட்டம் கட்டி, அதில் தாத்தாவின் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், தாயார் பெயர், ஊர், தொழில் கூலி வேலை, பிடிபட்ட இடம் பேராக் என்று வரிசையாக எழுதியிருந்தார். தாயார் பெயரை ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லாமல், தொண்ணூறு வயதுக்கு மேலான ஒரு கிழவியைத் துறையூரில் போய்ப் பார்த்துக் கேட்டு வந்தாராம். பிடிபட்ட தேதியையும் இறந்த தேதியையும் காலியாக விட்டிருந்தார். கீழே இரண்டு வரி: மாதத்தை மாற்றப் போவதில்லை, அப்பா முப்பது வருஷம் படைத்த நாள் அது, உங்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கவும்.

அந்த நாவலை மறுபடி அச்சிடப் பதிப்பாளர் கேட்டிருக்கிறார். புரூப் வந்து ஒரு வாரமாயிற்று. அந்த அத்தியாயத்தில் சயாம் பக்கத்து மழையை அடித்துவிட்டு, தூவானம் நின்று இலைகள் சொட்டிக்கொண்டிருப்பதாகத் திருத்தியிருக்கிறேன். வாந்திபேதியைக் காய்ச்சலாக மாற்றினேன். மலைக்காய்ச்சலில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் செத்தவர்கள் உண்டு. அவனுடைய தாயாருக்கு ஒரு பெயர் வைத்தேன். ஐப்பசியில் கை வைக்கவில்லை.